சித்தியின் இடது கன்னம்

எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தபோது ஒன்பது வயது. இரண்டு கன்னமும் பன் மாதிரி உப்பிக்கொண்டன. அம்மா தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். எங்கள் பக்கத்தில் அதற்கு அதுதான் வைத்தியம். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. பள்ளிக்கூடம் போக வேண்டியதாகிவிட்டதே என்று எனக்குத்தான் வருத்தம்.

மூன்று மாதம் கழித்துச் சித்திக்கு இடது கன்னம், காதுக்குக் கீழே, வீங்கியது. சித்தி அம்மாவின் தங்கை. வடசென்னையில், கல்மண்டபத்தில் எங்களோடுதான் இருந்தாள். காசிமேட்டில் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. கொஞ்சம்கூட வலி இல்லை என்றாள். அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டோம். அம்மா அதே சங்கிலியை அவளுக்கு மாட்டினாள். என்னிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை.

ஒரு மாதமாகியும் வீக்கம் வடியவில்லை. காரணத்தை நானே கண்டுபிடித்தேன். இறால் கம்பெனிக்குள் நகை போடக்கூடாது. தினமும் காலையில் சித்தி சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவாள். பகல் முழுக்க வெறுங்கழுத்தோடு இருந்தால் எப்படி வடியும்? சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை அவளுடைய ரப்பர் பூட்ஸைத் தூக்கிக்கொண்டுபோய் மொட்டைமாடியில் காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டேன். பூட்ஸ் இல்லாமல் கம்பெனிக்குள் விடமாட்டார்கள்.

"எங்கடி வெச்சே? வேன் பூடும், சொல்லுடி!" என்று சித்தி கத்தினாள்.

"சங்கிலிய கயட்டாம இருந்தா தர்றேன்."

முதுகில் இரண்டு விழுந்தது. கம்பெனி வேன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. சித்தி வாசலிலிருந்து உள்ளே வந்தாள். பிறகு, லீவுதான் ஆகிவிட்டது, பெரிய ஆஸ்பத்திரிக்காவது போய் வருகிறேன் என்றாள். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று அம்மா தடுத்தாள்.

"ஒரு மாசமா பாத்துகினுதான கீறோம்?" என்று சித்தி செருப்பை மாட்டிக்கொண்டாள். நானும் தொற்றிக்கொண்டேன். அம்மாவும் பின்னாலேயே வந்தாள்.

டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டார். சித்தி இல்லை என்றதும் நான் பெருமையாக அவரைப் பார்த்தேன். அவர் கன்னத்தை இன்னொருமுறை அழுத்திப் பார்த்தார். கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. நிணநீர்ப் புற்றுநோய். வழக்கமாகக் கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டித்தான் தலைகாட்டுமாம். சித்திக்கு எச்சில் சுரப்பியில் வந்து உட்கார்ந்திருந்தது.

அம்மா அங்கேயே அழுதாள். சித்தி அழவில்லை. எத்தனை ஊசி, எந்தெந்தக் கிழமை, எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்று வரிசையாகக் கேட்டாள். முடி கொட்டியது, வாயெல்லாம் புண்ணானது. ஒரு ஊசியைக்கூட அவள் தவறவிடவில்லை. அடுத்த வருஷம் மறுபடி வேனில் ஏறினாள்.

போன வருஷம் என் மகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. பார்க்க வந்த சித்தி சிரித்தாள். "எனக்கும் உங்கம்மாவுக்கும் சின்ன வயசுல ஒண்ணாதான் வந்துச்சு. ஒரே சங்கிலிய மாத்தி மாத்தி போட்டுகினோம்."

ஒருமுறை வந்தவர்களுக்கு அது திரும்ப வராது என்பதுதான் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். "அப்ப எதுக்கு சித்தி போட்டுகினே?" என்றேன்.

"மாட்டி வுடறப்போ உங்கம்மா கை நடுங்கிச்சு. நான் வேணான்னா அக்கா இன்னா பண்ணும்?"

அந்த ஒரு மாதமும் அம்மா சங்கிலியை நம்பித்தான் பொறுத்திருந்தாள் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பொன்னுக்கு வீங்கி இல்லை என்று தெரிந்துதான் அவள் பயந்துபோய் இருந்திருக்கிறாள்.