பொலி தூற்றிய மின்விசிறி

முதலில் வெறும் இருமல்தான். மாசியில் கும்பப்பூ அறுவடை முடிந்து வீடெல்லாம் நெல் கிடந்த சமயம். படுத்தால் நெஞ்சுக்குள் பூனை கத்தியது, உட்கார்ந்தால்தான் மூச்சு வந்தது. காசம் (நுரையீரலை அரிக்கும் தொற்றுநோய்) என்று என் மாமியார் முடிவு கட்டிவிட்டார். மூன்று வயது மகள் வள்ளியை அன்றே என் கட்டிலிலிருந்து தூக்கி நாத்தனார் அறையில் படுக்க வைத்தார்கள்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே (நெஞ்சின் உட்புறத்தைக் காட்டும் படம்) எடுத்தார்கள். காசம் இல்லை, ஆஸ்துமா (மூச்சுக்குழாய்கள் சுருங்கி வரும் இழுப்பு) என்றார் டாக்டர். மாமியார் படத்தை நம்பவில்லை. இழுப்பு நிற்கட்டும், பிறகு பிள்ளையைத் தருகிறேன் என்றார்.

என் கணவர் எனக்காக ஒரு மேசை மின்விசிறி வாங்கி வந்தார். எங்கள் தெருவில் அதுதான் முதல் விசிறி. ஆடி வரை நன்றாகவே இருந்தேன். வள்ளியைத் திருப்பித் தர நாள்கூடப் பார்த்தார்கள்.

அதற்குள் ஆவணியில் கன்னிப்பூ அறுப்பு வந்தது. எங்கள் முற்றம்தான் களம்; பொலி தூற்றிப் பதர் பிரிக்க ஒரு பொட்டுக் காற்று இல்லை. பகலில் விசிறி முற்றத்துக்குப் போயிற்று, சாயங்காலம் என் தலைமாட்டுக்குத் திரும்பிற்று. நோயாளிக்கு வெளிக்காற்று ஆகாது என்று சன்னலையும் அடைத்துவிட்டார்கள். எனக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் விசிறியை இன்னும் வேகமாக வைத்தார்கள். நிறுத்துங்கள் என்று நான் கை காட்டினால், பாவம், தவிக்கிறாள் என்று பக்கத்தில் நகர்த்தி வைத்தார்கள். எரிச்சலில் அழுகை வந்தது. அழுவதற்கும் மூச்சு வேண்டுமே.

மறுபடியும் ஆஸ்பத்திரி. அங்கே இரண்டொரு நாளில் தெளிந்தேன். டாக்டர் என் கணவரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“இங்க நல்லா இருக்காங்க, வீட்டுக்குப் போனாத்தான் வருது. கட்டில் பக்கத்துல என்ன இருக்கு?”

“பேன் ஒண்ணு இருக்கு டாக்டர். களத்துக்கு எடுத்த நேரம் போக, எப்பவும் அவ பக்கத்துலதான் ஓடும்.”

களம் என்றதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

டாக்டர் சொன்னபடி வீட்டில் விசிறியின் கூண்டைக் கழற்றினோம். இறக்கைகளில் நெற்சுணையும் கூளமும் அப்பியிருந்தன. தினமும் அதைத்தான் என் முகத்தில் ஊதியிருக்கிறார்கள். மாமியார் எட்டிப் பார்த்தார்.

“நெல்லுல என்னட்டி அழுக்கு? அது லெட்சுமில்லா?”

நானும் நெல்லுக்குள் பிறந்து வளர்ந்தவள்தான். எனக்கும் அது தூசி என்று தோன்றவில்லையே.

விசிறியைக் களத்துக்கே கொடுத்துவிட்டோம். சண்டை போட்டு சன்னலைத் திறந்தேன், பக்கத்து அறையில் கிடந்த நெல்லை அகற்றினேன். டாக்டர் கொடுத்திருந்த எபெட்ரின் (மூச்சுக்குழாயை விரிக்கும் மாத்திரை) மெல்லக் குறைந்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இழுத்தால், மருந்தை மாற்றும் முன், அவர்கள் மீது படும் காற்று எதைத் தொட்டு வருகிறது என்று பாருங்கள்.

அடுத்த கும்பப்பூவில் இழுப்பு வரவில்லை. ஆனாலும் கதிர் பழுக்கும்போதே என் நெஞ்சு பயந்து இறுகுகிறது. எனக்கு வருஷம் என்பது இப்போது இரண்டு அறுப்புகள்தான்.

மாமியார் சொன்ன சொல் தவறவில்லை. ஒரு மத்தியானம் வள்ளியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் படுக்க வைத்தார். பிள்ளை கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு தன் தலையணையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

“நான் அத்தைகிட்ட படுக்கேன்” என்றாள்.

அன்றைக்கு என் நெஞ்சில் ஒரு சத்தமும் இல்லை.