லாலான் மூடிய பாதை

எங்கள் வீடு மலாக்காவின் காஜா பெராங்கில், செட்டிக் குடும்பங்களின் வீடுகளைத் தாண்டி இருந்தது. கொல்லைக் கதவிலிருந்து பெரிய சாலைக்கு ஓர் ஒற்றையடிப் பாதை. ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடித்தபோது அப்பாவை அந்த வழியாகத்தான் கூட்டிப்போனார்கள். அவர் திரும்பவில்லை. செத்துவிட்டார் என்று சொல்லவும் ஆளில்லை.

பாதையின் இரண்டு பக்கமும் லாலான் புல். வெட்டினாலும் கொளுத்தினாலும் வேரிலிருந்து மறுபடி கிளம்பும் சனியன். அம்மா தினமும் காலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாதையில் முளைத்ததை வேரோடு பிடுங்குவாள். கையெல்லாம் புல் அறுத்த கீறல்.

"வழி மூடிக்கிட்டா ஒங்கப்பா எப்படி வருவாரு?" என்பாள்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறதென்று ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்த சமயம் எனக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றைத்தான் கேட்டார்கள்: பெண்ணின் அப்பா இருக்கிறாரா, இல்லையா?

சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அண்ணி, பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆளு வரலன்னா தர்ப்பையில உருவம் கட்டி எரிச்சிடணும். அதான் முறை."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்றுவரை என்னை விடவில்லை.

"சரி தம்பி, செய்ங்க."

மலாக்காவில் தர்ப்பைக்கு எங்கே போவது? லாலானும் அதற்குப் பங்காளிதான் என்று பூசாரி சொல்லிவிட்டார். சித்தப்பா பாதையோரத்திலேயே அறுத்து வந்தார். தலை, கை, கால் கட்டி, அப்பாவின் பழைய வேட்டியைச் சுற்றினார்கள்.

"அவரு இன்னும் ஒசரம்," என்றாள் அம்மா.

கால்களில் இன்னொரு பிடி சேர்த்தார்கள். பச்சைப் புல் லேசில் பற்றவில்லை, புகைந்துகொண்டே கிடந்தது. எனக்குத் தாலி ஏற வேண்டுமென்று அம்மா தன் தாலியைக் கழற்றினாள். எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று கத்தத் தோன்றியது.

சில மாதங்களில் கல்யாணம் நடந்தது. தலைதீபாவளிக்கு வந்தவள் கொல்லைக் கதவைத் திறந்தேன். பாதையைக் காணோம். இடுப்புயரத்துக்கு லாலான், வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து அசைந்துகொண்டிருந்தது.

"ஏம்மா பிடுங்கல?"

"இந்தப் புல்லுதானே அன்னிக்கு அவரா படுத்திருந்துச்சு, எப்படிப் பிடுங்குறது?" என்றாள். "கை வர மாட்டேங்குது."

அப்பா வர வேண்டிய வழியில் அப்பாவே அடர்ந்து நின்றார்.