நாத்தனார் முடிச்சு

எங்கள் இளைஞர் நாடகக் குழு தை பிறந்ததும் ஊர் ஊராகக் கிளம்பும். அதற்கு முன் மார்கழி ஞாயிறுகளில், சங்கராபுரத்தில் ஒரு வகுப்பறையில் ஒத்திகை. நடிப்பது பெரும்பாலும் இளசுகள். திரை கட்ட, துணி தைக்க, டீ போட என்று சம்பளமில்லாமல் உதவிக்கு வருகிறவர்கள் நாலைந்து பேர். நான் டீச்சர் என்பதால் எல்லாரையும் அதட்டுகிற வேலை எனக்கு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் அந்த வேலை நன்றாகவே நடந்தது.

அந்த வருட நாடகம் ஒரு பெண்ணின் கதை. முதல் காட்சியில் அவளுக்குக் கல்யாணம். கடைசிக் காட்சியில், சாராயத்துக்குப் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வேஷம் கல்லூரியில் சேர்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு. அவளுடைய அம்மாவும் எங்களுக்கு உதவ வருகிறவர்தான். கல்யாணக் காட்சியைச் சிரித்த முகத்தோடு பார்த்தவர், கடைசிக் காட்சி வந்ததும் எழுந்துவிட்டார்.

“வயசுப் பொண்ணுங்க டீச்சர். பொட்ட அழிச்சிட்டு ஊர் முன்னாடி ஒக்காந்தா, நாளைக்கு யாருங்க பொண்ணு கேட்டு வருவாங்க?”

இந்தக் காலத்திலும் இப்படியா என்று கால் மணி நேரம் பொரிந்து தள்ளினேன். அவர் மசியவில்லை.

மூலையில் ஒருத்தி துணி தைத்துக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடையில் வேலை, இருபத்தாறு வயதிருக்கும். புருஷன் லாரி விபத்தில் போய் இரண்டு வருடம். கடைசிக் காட்சிக்கு வசனம் கிடையாது. “ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நீ உட்கார்ந்தா போதும்மா. உனக்கு வேஷம்கூட வேண்டாம், வந்தபடியே உட்காரலாம்” என்று அவளிடம் சொன்னேன். பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

தையல் மிஷின் நின்றது. “அப்படித்தான டீச்சர் வூட்ல ஒக்காந்துக்கினு இருக்கேன்” என்றாள். “இங்கியும் அதேவா?”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். வேறு எந்த வேஷம் வேண்டும் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள்: “நாத்தனாரு.”

மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் அவன் அக்காவோ தங்கையோதான் போட வேண்டும். அந்த வேஷத்தை எனக்கென்று வைத்திருந்தேன்.

“எந்தம்பிக்குப் போன வைகாசில கல்யாணம். முடிச்சு போட வேண்டியவ நானு. சமையக்கட்டுல காய் அரிஞ்சிக்கினு இருந்தேன்.”

அவள் அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. வேஷத்தை மாற்றிக்கொள்வோம், கடைசிக் காட்சியில் நான் உட்காருகிறேன் என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் என் கை தாலியைத் தொட்டுப் பார்த்தது. கால் மணி நேரம் பொரிந்தவளின் கைதான் அது. வெட்கமாக இருந்தது.

எல்லாரும் அந்த அம்மாவைப் பார்த்தோம். அவர் மகள் கழுத்தில்தான் இவள் முடிச்சுப் போட வேண்டும். மகளையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தவர், “மஞ்சக் கெழங்கு வேணாம். வெறும் நூலா இருக்கட்டும்” என்றார். அவரால் முடிந்தது அவ்வளவு. அதற்கே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

முதல் நாடகத்தை ஒரு சாயங்காலம் சங்கராபுரத்திலேயே போட்டோம். சிவப்புச் சேலை, தலை நிறையப் பூ, பெரிய பொட்டோடு வந்து அவள் இரண்டு முடிச்சும் போட்டாள். ஒத்திகையில் போட்டதைவிட நிதானமாகப் போட்டாள். மேளம் அடித்தவர்களும் அவள் முடிக்கிற வரைக்கும் நிறுத்தவில்லை.

கடைசிக் காட்சி முடிந்ததும் நான் உள்ளே ஓடி முதல் வேலையாகப் பொட்டை ஒட்டிக்கொண்டேன். பக்கத்தில், அதே கண்ணாடியில் பார்த்து, அவள் தன் பொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்த வாரம் மணலூர்பேட்டைங்களா டீச்சர்?” என்றாள்.

“ஆமாம்மா.”

“அதுக்கப்புறம்?”

“கல்வராயன் மலைக்குப் போறோம்.”

“அதுக்கப்புறம்?”

அதோடு அந்த வருட நாடகங்கள் முடிந்துவிடும். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.