சிவமலர் வாங்கிய துவக்கு

புலம்பெயர்ந்து வந்து ரெய்னர்ஸ் லேனில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சிவமலருக்கு, ஐம்பத்திரண்டு வயதில் குறி பார்த்துச் சுடும் ஒரு துவக்கின் மேல் ஆசை வந்தது. நகையின் மேல் வந்திருந்தால் கணவர் பாலேந்திரா சிரித்துவிட்டு வாங்கிக் கொடுத்திருப்பார். இந்த ஆசையை வெளியே சொல்லவே அவளுக்கு ஐந்து மாதம் எடுத்தது.

கண் பரிசோதனைக்கு வந்த ஹாலவே என்ற முதியவரிடமிருந்துதான் எல்லாம் தொடங்கியது. எழுத்துகளை வாசிக்கச் சொன்னபோது, நடுவில் புகை நிற்கிறது என்றார். விழித்திரை தேயத் தொடங்கியிருந்தது. சிவமலர் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். அவர் வாசிப்பதைப் பற்றியோ கார் ஓட்டுவதைப் பற்றியோ கேட்கவில்லை.

"இனி என்னால் குறி பார்க்க முடியாதா?" என்றுதான் கேட்டார்.

நாற்பது வருடமாக சரேயில் ஒரு சுடும் கழகத்தில் அவர் உறுப்பினர். கண்ணுக்கு அருகே ஒரு வளையம், குழல் நுனியில் ஒரு முள், தூரத்தில் இலக்கு. மூன்றையும் கண்ணால் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க ஏலாது, முள்ளைத் தெளிவாக வைத்துக்கொண்டு இலக்கை மங்கலாக விட்டுவிட வேண்டும் என்று விளக்கினார். இருபத்தாறு வருடமாக ஆட்களுக்கு எல்லாவற்றையும் தெளிவாக்கிக் கொடுப்பதே தொழிலாக இருந்தவளுக்கு, மங்கலாக விடு என்ற சொல் புதுமையாக இருந்தது. புதியவர்கள் வந்து பார்க்கும் நாள் ஒன்று இருக்கிறது, வாருங்கள் என்றார் அவர். அவள் போனாள்.

மழை விட்டிருந்த சனிக்கிழமை. பைன் மரங்களுக்கிடையில் புல்வெளி, அதன் முடிவில் மண்மேடு. ஹாலவேயின் துவக்கு பழைய அமெரிக்கச் சிப்பாய்கள் கொண்டு திரிந்த குட்டைத் துவக்கின் அச்சில், சின்னக் குண்டுக்கென்று செய்தது. அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் துவக்குகளை இந்த நாட்டுச் சட்டம் தடை செய்திருந்தது; சின்னக் குண்டு என்பதால்தான் இதை விட்டுவைத்திருந்தது. வால்நட் மரப்பிடி உள்ளங்கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. ஐந்து கிலோ அரிசிப் பையின் பாதிக் கனந்தான் இருக்கும். பாயில் படுத்து மரத்தில் கன்னத்தை வைத்தாள். எண்ணெய் மணத்தது. மூச்சை விட்டு, விசையை மெல்ல இழுத்தாள்.

ஒரு குண்டு போனது. உள்ளே ஏதோ பின்னால் போய் முன்னால் வந்தது. அடுத்த குண்டு தானே வந்து உட்கார்ந்துகொண்டது. கையை எடுக்க வேண்டியதில்லை, தலையைத் தூக்க வேண்டியதில்லை. ஒரு கனவு கலையாமல் அடுத்த கனவுக்குள் போவதுபோல அவள் பத்துக் குண்டுகளையும் சுட்டு முடித்தாள். எழும்பியபோது நேரம் எவ்வளவு என்று தெரியவில்லை.

யாழ்ப்பாணத்தில் பதின்மூன்று வயதில், பள்ளிக்கூடம் போகும் வழியில் அவள் தினமும் துவக்குகளைக் கடந்து போனவள். அவள் கண்டதெல்லாம் முன்பக்கத்து ஓட்டையைத்தான். பின்பக்கத்தில் இவ்வளவு அமைதி இருக்கும் என்று ஒருத்தரும் அவளுக்குச் சொன்னதில்லை.

கழகத்தில் சேர்ந்தாள். அங்கே பொதுத் துவக்குகள் இருந்தன. ஆனால் அவற்றில் யார் யாருடைய கன்னமோ பட்டிருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாய்ப் பழக வேண்டியிருந்தது. கடையில் கண்ணாடி துடைக்கும்போதும் அவளுக்கு அந்த வால்நட்டின் வளைவுதான் கைக்குள் இருந்தது. ஹாலவே அதை விற்கப் போவதாகச் சொன்ன அன்று, பாலேந்திராவிடம் வாயைத் திறந்தாள்.

பாலேந்திரா மெட்ரோபொலிட்டன் லைனில் ரயில் ஓட்டுகிறவர். பத்தொன்பது வயதில் ஆமி பிடித்து இரண்டு நாள் வைத்திருந்து, சிப்பாய்கள் துவக்குப் பிடியால் அடித்ததில் இடது காது கேளாமல் போனவர். அந்த இரண்டு நாட்களைப் பற்றி அவர் மனைவியிடமும் கதைத்ததில்லை.

"இஞ்சேருங்கோ, எனக்கு ஒரு துவக்கு வாங்க விருப்பமாக் கிடக்கு."

அவர் வலது காதைத் திருப்பினார். "என்ன சொன்னனீர்?"

அவள் திரும்பச் சொன்னாள்.

"உமக்கென்ன விசர் பிடிச்சிட்டுதே?" என்றார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய்விட்டார். அதன் பிறகு பல நாள் அந்தப் பேச்சே வரவில்லை.

துவக்கு வைத்திருக்க அனுமதி கேட்டு அவள் பொலிசுக்கு விண்ணப்பம் அனுப்பினாள். நன்னடத்தைக்குச் சாட்சி சொல்ல இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கழகத்துச் செயலாளர், மற்றவள் கடையில் வேலை செய்யும் டொலறஸ். "அக்கா, நீங்கள் எறும்பைக் கூட மிதிக்கமாட்டியள், உங்களுக்கேன் இது?" என்று கேட்டுக்கொண்டே அவள் படிவத்தை நிரப்பினாள். பிறகு பொலிசிலிருந்து ஷெறோன் என்ற அதிகாரி வீட்டுக்கு வந்தாள். படிக்கட்டுக்கு அடியில் துவக்குக்கென்று சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டியை இழுத்துப் பார்த்தாள். பிறகு பாலேந்திராவைப் பார்த்து, உங்களுக்கு இதில் சம்மதமா என்றாள்.

அவர் அந்தப் பெட்டியைப் பார்த்தார். "இவள் சுடுவதை நான் முதலில் பார்க்க வேண்டும்," என்றார் ஆங்கிலத்தில். "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

அடுத்த சனிக்கிழமை அவளோடு காரில் வந்தார். வந்தவர் இறங்கவில்லை. முதல் வெடிச் சத்தத்துக்கு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததை அவள் தூரத்திலிருந்து கண்டாள். திரும்பிப் போவோமா என்று நினைத்தாள். பிறகு ஹாலவேயின் துவக்கைக் கையில் எடுத்தாள்; அதற்குப் பிறகு எதையும் நினைக்கவில்லை. கடைசிக் குண்டு போனதும் தலையைத் தூக்கினாள். காதுக்கவசம் போட்டுக்கொண்டு, சுடுமிடத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே பாலேந்திரா நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியில், ஒரு சிவப்பு விளக்கில் அவர் காரை நிறுத்தினார்.

"உம்மட முகம் நித்திரையில இருக்கிற ஆளின்ர மாதிரிக் கிடந்தது," என்றார். "நான் அங்க ஒரு கோபத்தைப் பாக்கப் போறன் எண்டு நினைச்சன்."

"எனக்குக் கோபம் ஒண்டும் வரேல்லை."

"ஓம், கண்டனான். வாங்கும். ஆனா என்ர கண்ணில காட்டாதையும். பெட்டித் திறப்பு எங்கையெண்டும் எனக்குத் தெரிய வேண்டாம்."

சிவமலருக்குச் சிரிப்பு வந்தது. "அதைத்தான் ஷெறோனும் சொன்னவ. புருஷனுக்கும் சொல்லக் கூடாதாம். சட்டம்."

அவரும் கொஞ்சம் சிரித்தார்.

பங்குனியில் ஷெறோனிடமிருந்து சான்றிதழ் வந்தது. ஹாலவே துவக்கைக் கடைசியாக ஒருமுறை துடைத்துக் கொடுத்தார். கண்ணால் அல்ல, விரலால் தடவித்தான் துடைத்தார். இப்போது ஞாயிறு காலைகளில் அவள் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மரப்பிடிக்கு எண்ணெய் பூசுகிறாள். வெயில் திரைச்சீலை வழியாக வந்து மரத்தின் ரேகைகளில் விழும். சுடாமல், குறி பார்க்காமல், மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். அது தன்னுடையது என்ற நினைப்பே போதுமாக இருக்கும்.

கதவுக்கு வெளியே பாலேந்திராவின் காலடி வந்து நிற்கும்.

"தேத்தண்ணி போட்டிருக்கிறன். உள்ளுக்குக் கொண்டு வரட்டோ, வெளியில வைக்கட்டோ?"

ஒரு ஞாயிறு அவள், "உள்ளுக்குக் கொண்டு வாங்கோ," என்றாள்.

கைப்பிடி திரும்பவில்லை. கோப்பையைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. ஆனால் அவர் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், சுவரில் சாய்ந்து அவரும் தன் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.