புங்கங்கன்றுகளுக்கு ஊற்றிய தண்ணீர்

எனக்குப் பதற்றம் கூடப்பிறந்தது. எட்டு மணி பஸ்ஸுக்கு ஏழு மணிக்கே போய் நிற்கிற ஆள் நான். அப்படிப்பட்டவனிடம் ஒரு தெருவின் பதினெட்டுப் புங்கங்கன்றுகளை ஒப்படைத்தால் என்ன ஆகும்? எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி, சித்திரை முழுக்க நான் சோற்றை ருசித்துச் சாப்பிட்டதாக நினைவில்லை.

அப்போது நகராட்சியில் மரம் நடுகிற பிரிவில் நான் குமாஸ்தா. பிரிவு என்றால் அதிகாரி ஒருவர், நான் ஒருவன், அவ்வளவுதான். அதிகாரியின் மேஜைமேல் ஊரின் வரைபடம் விரித்தே கிடக்கும். அடுத்த பத்து வருஷத்தில் எந்தத் தெருவில் என்ன மரம், எப்போது நடுவது என்று பச்சைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். ராஜவீதிகள் இருந்தன, ரயிலடிச் சாலை இருந்தது. பிள்ளையார்பாளையத்தில் நான் குடியிருந்த நெசவாளர் தெரு மட்டும் இல்லை. அங்கே தண்ணீர் கிடையாது, கன்று பிழைக்காது என்றார்.

எங்களுக்கு நிழல் அழகுக்கு வேண்டியதில்லை. தறியில் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூலைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சரிசெய்வது விடியற்காலையில்தான் நடக்கும். வெயில் ஏறிவிட்டால் பட்டிழை காய்ந்து அறும். பாதி வேலையில் பாவைச் சுருட்டிக்கொண்டு ஓடுவதை நான் பிறந்ததிலிருந்து பார்த்தவன். தெருவின் தெற்கு வரிசையில் மரங்கள் நின்றால் இன்னும் இரண்டு மணி நேரம் கிடைக்கும். அதிகாரியின் பின்னால் நாயாய் அலைந்து கெஞ்சினேன்.

"சரிய்யா, ஒரு கோடை பார்க்கலாம்" என்றார் கடைசியில், வரைபடத்தில் எங்கள் தெருவையும் பென்சிலால் குறித்துக்கொண்டே. "சித்திரை முடியறப்போ நானே வந்து எண்ணுவேன். பாதிக்கு மேல உயிரோட இருந்தா உன் தெரு பிளான்ல இருக்கும். இல்லைன்னா அடிச்சிட்டு அடுத்த தெருவுக்குப் போயிடுவேன். அப்புறம் என் எதிர்ல வந்து அழக்கூடாது."

மாசியில் நட்டு, மூங்கில் கூடு கட்டினோம். பங்குனியிலேயே கிணறுகள் தரை தட்டிவிட்டன. குழாய்த் தண்ணீர் குடிக்கவே பற்றவில்லை. கன்றுக்கு நேரே இருக்கிற வீடு தினம் இரண்டு குடம் ஊற்றியே ஆக வேண்டும் என்று நான் சட்டம் போட்டேன். வீடு வீடாகப் போய்க் கத்தினேன். "ஒரு நாள் குளிக்கலன்னா செத்தா போயிடுவீங்க? செடி செத்துடும்!" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மேற்குக் கோடியில் ஒரு சாயக்காரர் வீடு. அவர் மனைவி என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். அவள் ஒருத்திதான் நான் கேட்காமலே காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினாள். பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. தெருவே கேட்கும்படி, "அந்தப் பொண்ணைப் பார்த்துக் கத்துக்கோங்கப்பா! அதுக்கு ஒண்ணுக்குத்தான் தெரு மேல அக்கறை இருக்குது" என்றேன். அடுத்த வாரமே அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் அவளைப்போலக் குடமும் கையுமாக வந்துவிட்டார்கள். என் வாய்க்கு இவ்வளவு வலுவா என்று நானே மெச்சிக்கொண்டேன். புத்தி கெட்டவன்.

பத்துப் பதினைந்து நாளில் மேற்குக் கோடிக் கன்றின் இலை ஓரம் கருகியது. பிறகு அதற்கு அடுத்தது. பிறகு அதற்கும் அடுத்தது. கிழக்கே குழாயடி ஓரத்துக் கன்றுகள் மட்டும் பச்சையாக நின்றன. நான் தினம் ஆபீஸ் போகுமுன் இலைகளை எண்ணுவேன். வந்ததும் எண்ணுவேன். நேற்று ஒன்பது இருந்த இடத்தில் இன்று ஆறு இருந்தால் மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவேன்.

பயந்தவனுக்கு ஒரு ஆள் வேண்டுமே, பழி போட. எனக்கும் கிடைத்தார். பாவு நீட்டுகிறவர் ஒருவர், எனக்கு மாமா முறை, ஆரம்பத்திலேயே மரம் வேண்டாம் என்றவர். சருகு விழுந்து பாவில் சிக்கும் என்பது அவர் கட்சி. அவர் பாவு கட்டுகிற முளையும் மேற்குக் கோடியில்தான் இருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நேரே போய்க் கேட்டேன்.

"மரம் வேணாம்னு சொன்னவன் நான்தாம்பா" என்றார் அவர். "அதுக்காவ பச்சப் புள்ள மாதிரி நிக்கிறதைக் கொல்லுவனா? இன்னா பேச்சு பேசற நீ?"

நான் நம்பவில்லை. விஷமி ஒருவர் கன்றுகளை அழிக்கிறார் என்று அவர் பெயரைப் போட்டு அதிகாரிக்கு மனு எழுதினேன். அன்றைக்கே அவர் மேஜைமேல் வைத்துவிட்டேன்.

அதிகாரி வருகிற நாள் வந்தது. காலையில் மறுபடியும் எண்ணலாம் என்று மேற்குக் கோடிக்குப் போனேன். சாயக்காரர் மனைவி குடத்தோடு வெளியே வந்து, மொட்டைக் குச்சியாய் நின்ற கன்றுக்கு ஊற்றினாள். குப்பென்று சோப்பு வாடை. குனிந்து தொட்டுப் பார்த்தேன், விரலில் வழுவழுத்தது.

"இன்னா தண்ணிம்மா இது?"

"பட்டு வேகவச்ச தண்ணிண்ணே" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. "சாயம் ஏத்தறதுக்கு முன்னாடி சோப்பும் சோடாவும் போட்டு வேகவச்சா பட்டுல இருக்கிற பசையெல்லாம் இறங்கிடும். ஆற வச்சித்தான் ஊத்தறேன். கஞ்சி மாதிரி கொழகொழன்னு எவ்ளோ சத்து பாரு! தண்ணி இல்லாத வூட்டுக்கெல்லாம் நான்தான் தரேன்."

சோடா! சலவைக்குப் போடுகிற காரம், வேரையே அரித்துவிடும். கன்றின் வேரில் இரண்டு மாதமாக இறங்கியது அதுதான். ஒன்றும் சொல்ல நேரமில்லை, தெருமுனையில் ஜீப் வந்துவிட்டது.

அதிகாரி நடந்துகொண்டே எண்ணினார். பதினெட்டில் ஐந்து. பையிலிருந்து என் மனுவை எடுத்தார். பாவுக்கார மாமா எதிரிலேயே நின்றிருந்தார், பக்கத்தில் குடத்தோடு அவள்.

"இதோ பாருய்யா" என்றார் என்னிடம். "வேணும்னே ஒருத்தன் செஞ்சிருந்தா அவன்மேல கேஸ் குடுத்துட்டு உனக்குப் புதுக் கன்னு தரேன். தெரு பிளான்ல இருக்கும். தண்ணிதான் கோளாறுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. நீ எழுதினது நிஜம்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தெருவுக்கு மரம் வந்துவிடும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை சார். பொய்யா எழுதிட்டேன். பட்டு வேகவச்ச தண்ணியை ஊத்தியிருக்கோம். நான்தான் எல்லாரையும் ஊத்தச் சொன்னேன். இனிமே நல்ல தண்ணி ஊத்துவோம் சார்."

"குடிக்கவே இல்லாத தெருவுல நல்ல தண்ணியா?" மனுவைக் கிழித்து என் கையிலேயே கொடுத்தார். ஜீப்பின் முகப்பில் வரைபடத்தை விரித்து, எங்கள் தெருவின் மேல் ஒரு கோடு இழுத்தார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஜீப் போன பிறகு அவள் என்னிடம் வந்தாள்.

"என்னாலதான் செத்துச்சாண்ணே?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "அந்தத் தண்ணி செடிக்கு ஆவாதும்மா" என்றேன்.

குடத்தைக் குச்சியடியில் இறக்கி வைத்தாள். பிறகு கண்ணில் தண்ணீர் தளும்ப என்மேல் சீறினாள். "ஊத்து ஊத்துன்னு ரெண்டு மாசமா தெருவெல்லாம் கத்திக்கினு இருந்தியே! நல்லா ஊத்தறேன்னு என்னைத் தூக்கி வச்சி வேற பேசின! என்ன தண்ணிம்மா ஊத்தறேன்னு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கேட்டியாண்ணே?"

கேட்கவில்லை, தாயே. கேட்கவே இல்லை.