இரண்டாம் முறை ஓட்டிய கணக்கு

பழைய கம்ப்யூட்டர் வாங்கப் போனால் எதைப் பார்ப்பீர்கள்? பளபளப்பையா, கடைக்காரர் வாயையா? ஊசியின் அக்கா இரண்டையும் பார்த்துவிட்டு, கலர் விளக்குகள் மின்னிய கண்ணாடிப் பெட்டிமேல் கையை வைத்துவிட்டாள்.

ஊசி என்பது வீட்டார் வைத்த பெயர். எதையும் குத்திக் கிளறாமல் விடமாட்டாள். கட்டப்போகும் வீடுகளுக்குள் திரையிலேயே நடந்து பார்க்கும்படி வரைந்து கொடுப்பது அவள் பிழைப்பு. அதற்கு அவள் வைத்திருந்த மெஷின் நேற்று புகைந்து செத்தது. நாளை மறுநாள் ஒரு விபத்து பற்றிய பொது விசாரணை.

அக்காவின் கணவர் ஓட்டிய கிரேன் சாய்ந்ததில் அவர் இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். சுமையை வேகமாகத் திருப்பியது அவர் குற்றம் என்கிறது கட்டுமான கம்பெனி. கிரேன் சாயாமலிருக்கப் பக்கவாட்டில் நீட்டும் தாங்குகால் ஊன்றிய இடம், முந்தின நாள்தான் தோண்டி மூடிய குழி என்கிறார் அவர். கால் முதலில் புதைந்ததா, சுமை முதலில் சுழன்றதா? பழி அவர்மேல் விழுந்தால் வேலையும் போகும், வழக்கும் பாயும். விபத்தைக் கணக்காக்கி, திரையில் மறுபடி நிகழ்த்திக் காட்டப்போகிறாள் ஊசி. அதற்குத்தான் இந்த அலைச்சல்.

"ராசியான பொட்டிங்க," என்றார் கடைக்காரர். "வெச்சிருந்தவரு ஓஹோன்னு ஆயிட்டாரு."

"ஓஹோன்னு ஆனவரு எதுக்கு வித்தாரு?"

"புதுசு வாங்கத்தாம்மா! எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு."

"என்ன டெஸ்ட்?"

"ஆன் பண்ணினோம். ஆன் ஆச்சு."

ஊசி சிரிக்கவில்லை. பென் டிரைவைச் சொருகினாள். "என் கணக்கை இதுல ஓட்டணும். முடியற வரைக்கும் நகரமாட்டேன்."

விசிறிகள் இரைந்தன. திரையில் குட்டிக் கிரேன் சுமையைத் தூக்கியது. தாங்குகால் மண்ணுக்குள் இறங்கியது. அதன் பிறகே சுமை சுழன்றது.

அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பாத்தியாடி! அவரு சொன்னதுதான். வாங்கு, போலாம்."

"இன்னொரு வாட்டி ஓட்டறேன்."

"எதுக்கு?"

"சாட்சியை ஒரு தடவை கேட்டா போதுமாக்கா?"

அதே கணக்கு, அதே எண்கள். இம்முறை சுமை முதலில் சுழன்றது. கால் அசையவே இல்லை.

அக்காவின் முகம் வெளிறியது. "முதல்ல வந்ததைச் சேவ் பண்ணியிருக்கியா?"

"இருக்கு."

"அப்ப அதைக் காட்டு. இதை அழிச்சிடு."

"அக்கா..."

"அவரு எனக்குப் புருஷன்டி! உனக்கென்ன, குத்திக்கிட்டே இருப்பே!"

ஊசி இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மாமா பொய் சொல்லியிருந்தால்? முதல் பதிலை எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளலாம்தான். ஆனால் கம்பெனி பொய்யைச் சாதிக்கிறது என்பதற்காக நாமும் ஒன்றைக் கையில் எடுத்தால் விசாரணை எதற்கு? யார் பொய் அழகு என்று பந்தயம் வைத்தால் போதுமே. ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொல்வது இப்போதைக்கு மாமா அல்ல, இந்த மெஷின். இதன் மெமரி கணக்கின் நடுவே எங்கோ எண்ணைத் தவறவிடுகிறது. இரண்டில் எது தவறு என்பதுதான் தெரியவில்லை.

"தப்பைத் தானே திருத்திக்கிற மெமரி போட்டது ஏதாவது இருக்கா?"

கடைக்காரர் மூலையைக் காட்டினார். "அந்தச் சாம்பல் கலர் இரும்புப் பொட்டி. ஏதோ ஆபீஸ்ல கழிச்சுப் போட்டது. மூஞ்சி நல்லாருக்காது."

"மாப்பிள்ளையா பாக்க வந்தேன்? போடுங்க."

அக்கா திரையைப் பார்க்க முடியாமல் வாசல் பக்கம் திரும்பி நின்றாள். ஊசியின் விரல்கள் மேசை விளிம்பைப் பற்றியிருந்தன. கிரேன் எழுந்தது. கால் இறங்கியது. சுமை பிறகுதான் சுழன்றது. மறுபடி ஓட்டினாள். கடைசி எண் வரை அதே விடை.

"கால்தான்க்கா முதல்ல."

"இப்ப அழலாமாடி?"

"இன்னும் ஒரு வாட்டி ஓட்டிடறேன், அப்புறம் அழு."

மூன்றாவது முறையும் கால்தான்.

இத்தகைய விசாரணைக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். கம்பெனிக்காரர்கள் முன்வரிசையை நிரப்பிவிடுவார்கள். பின்வரிசை காலியாகவே கிடக்கும். காலி நாற்காலிகளுக்கு முன்னால்தான் பொய் சரளமாக வருகிறது. உங்கள் ஊரில் அடுத்த விசாரணை எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போய் உட்காருங்கள்.