மூன்றுக்குப் பத்து இருக்கிறது

சான்ட்ரிங்ஹாமில் எங்கள் வீட்டில் மணி துருக்கி மொழியில்தான் கேட்கும். என் கணவர் கெரெமின் அம்மா இஸ்மிரிலிருந்து வந்து மூன்று ஆண்டுகளாகின்றன. ஆங்கிலம் அவருக்குப் பிடிபடவில்லை. பிற்பகலில் சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து "உச்சே ஒன் வார்" என்பார், தேநீர் வைக்க. உச் மூன்று, உச்சே மூன்றுக்கு, ஒன் பத்து, வார் என்றால் இருக்கிறது. மூன்றுக்குப் பத்து இருக்கிறது. மதுரையில் நாங்கள் சொல்வதேதான், அந்த 'க்கு' உட்பட. பன்னிரண்டரையை மட்டும் 'யாரம்', வெறும் பாதி, என்கிறார்கள். எதில் பாதி என்று புரிய எனக்கு நாளானது. மணி கேட்டுக் கேட்டுத்தான் மாமியாரோடு நெருங்கினேன்.

அந்த நெருக்கம்தான் இப்போது உறுத்துகிறது. மாயா பிறக்கவிருந்தபோது மதுரையில் அம்மா கம்பளிச் சட்டை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வீடு சிறியது, கெரெமின் அம்மா வருகிறார், உனக்கு அடுத்த வருஷம் விசா போடலாம் என்று சொன்னது நான்தான். அடுத்த வருஷம் மார்ட்கேஜ் வந்தது, அதற்கடுத்த வருஷம் வேறொன்று. அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். நகரின் மறுகோடியில் ஆல்பனியிலுள்ள அலுவலகத்திலிருந்து களைத்து வந்து, கெரெமோடு ஆங்கிலமும் மாமியாரோடு துருக்கியும் பேசிவிட்டுத் தூங்கிப்போவேன். தமிழை நாளை தொடங்கலாம் என்றே குழந்தைக்கு மூன்று வயதாகிவிட்டது.

ஒரு ஞாயிறு வீடியோ அழைப்பில் அம்மா தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டி, அங்கே மணி என்ன என்று மாயாவிடம் கேட்டாள். மாயா தன் துருக்கிப் பாட்டியின் குரலிலேயே "உச்சே ஒன் வார்" என்றாள்.

"உச்சி வேளையாம்டி. என்னமா தமிழ் பேசுது பாரு."

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. திருத்த வாயெடுத்தேன், முடியவில்லை. அடுத்த ஞாயிறு, பேத்தியின் தமிழைக் கேட்கப் பக்கத்து வீட்டுக்காரம்மாவையும் அழைத்து உட்கார வைத்திருந்தாள். அன்றும் நான் திருத்தவில்லை.

என் முகத்தைப் பார்த்து மாமியார் என்னவென்று கேட்டார். அரைகுறைத் துருக்கியில் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கடிகாரத்தைக் காட்டி, இதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். சொன்னேன். நான் ஆல்பனியில் இருந்த பகல்களில் அதைத் தானும் சொல்லிப் பார்த்து, குழந்தைக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சில வாரம் கழித்து அம்மா கேட்டபோது மாயா நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "மூணுக்குப் பத்து இருக்கு."

அம்மா போனை முகத்தருகே கொண்டுவந்தாள். "அப்ப முன்னாடி சொன்னது?"

"அது துருக்கி பாஷைம்மா."

"இத நீ சொல்லிக் குடுத்தியா?"

"இல்லம்மா. கெரெமோட அம்மா."

ஏன் மறைத்தாய் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. "போன அவங்ககிட்ட குடு" என்றாள்.

கொடுத்தேன். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. மொழிபெயர்க்க அருகிலேயே நின்றேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமியார் போனைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பெய்யும் மழையைக் காட்டினார். எங்களுக்கு ஆறேழு மணி நேரம் பின்னாலிருக்கும் மதுரையில் அம்மா எழுந்து போய்த் தன் மாடியில் விழும் காலை வெயிலைக் காட்டினாள். குழந்தை இரண்டு பேருக்கும் நடுவில் முகத்தை நீட்டி, எதற்கோ சிரித்தது. நான் கதவோரம், எந்தப் படத்திலும் விழாத இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.